ரவி ரத்லாமி என்ற இந்தி வலைப்பதிவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரவி ரத்லாமி யார்?

இயற்பெயர் ரவிசங்கர் ஸ்ரீவாஸ்தவ். 1958-இல் பிறந்தவர். மத்தியப் பிரதேச மின்வாரியத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் பொறியாளராக இருந்தார். அந்த வேலையை விட்டபின் எழுத்து, மொழிபெயர்ப்பு, இந்திக் கணிமை ஆகியவற்றையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். தொழில்நுட்பக் கட்டுரை, அங்கதம், கவிதை என்று பல வகையிலும் எழுதினார். 'சீண்ட்டே ஔர் பௌச்சாரேன்' அவருடைய வலைப்பதிவு. தெறிப்புகளும் சாரல்களும் என்று பொருள். 'ரச்னாகார்' அவர் நடத்திய இணைய இலக்கிய இதழ். இவை தவிர, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் ஓடும் கணினியின் திரையில் தோன்றும் சொற்களை இந்தியிலும் சத்தீஸ்கரியிலும் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்.

இந்தி இணையத்தைப் பற்றிப் பேசும்போது எழுத்தாளர்களை ஒரு பட்டியலிலும் கணிமைக்காரர்களை வேறொரு பட்டியலிலும் போடுவது வழக்கம். ரவியை அப்படிப் பிரிக்க முடியாது. எழுத்து திரையில் சரியாக விழ வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும், கணினி பேசும் இந்தி வீட்டில் பேசும் இந்தியாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுத்தாளனின் வேலையாகவே அவர் எடுத்துச் செய்தார். இங்கே அவருடைய அந்த முகத்தைத்தான் விரிவாகச் சொல்கிறோம்.

'ரத்லாமி' என்ற பெயர் எப்படி வந்தது?

ரத்லாம் மத்தியப் பிரதேசத்தின் மேற்கே, மால்வா பகுதியில் உள்ள ஊர். பெரிய ரயில் சந்திப்பு. லவங்கம் போட்ட காரச் சேவுக்குப் பேர்போனது, அந்தச் சேவுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அங்கே வாழ்ந்த காலத்தில் ஊர்ப்பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். உருது, இந்திக் கவிஞர்களிடையே ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்வது பழைய மரபு. பின்னாளில் போபாலுக்குக் குடிபெயர்ந்தபோதும் பெயர் மாறவில்லை.

முதல் இந்தி வலைப்பதிவு அவருடையதா?

இல்லை. 2003 ஏப்ரலில் ஆலோக் குமார் தொடங்கிய 'நௌ தோ க்யாரஹ்' என்பதையே முதல் இந்தி வலைப்பதிவாகக் கருதுகிறார்கள். ஒன்பதும் இரண்டும் பதினொன்று என்பது நேர்ப்பொருள். வழக்கில் அதற்குக் கம்பி நீட்டுவது என்று பொருள். வலைப்பதிவுக்கு 'சிட்டா' என்ற இந்திச் சொல்லைப் பரப்பியவரும் ஆலோக் குமாரே. பட்டா, சிட்டா என்று நாம் சொல்லும் சிட்டாவும் இதே சொல்தான். கணக்கேடு, குறிப்பேடு என்ற பொருளில் வடக்கிலிருந்து நம் வருவாய்த்துறைக்கு வந்தது.

ரவி 2004-இல் எழுதத் தொடங்கினார். தேபாசிஷ் சக்ரவர்த்தியின் 'நுக்தாசீனி', அனூப் சுக்லாவின் 'ஃபுர்சதியா', ஜிதேந்திர சௌத்ரியின் 'மேரா பன்னா' ஆகியவையும் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவை. தமிழுக்குத் தமிழ்மணம் இருந்ததுபோல் பல வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் 'நாரத்' என்ற திரட்டி அவர்களுக்கு இருந்தது. ஊர் ஊராகச் சேதி சொல்லித் திரியும் நாரதரின் பெயர் திரட்டிக்குப் பொருந்தியது. பிறகு 'ப்ளாக்வாணி', 'சிட்டாஜகத்' ஆகிய திரட்டிகள் வந்தன.

2004-இல் இந்தியில் வலைப்பதிவு எழுதுவதில் என்ன கஷ்டம்?

இந்தி தட்டச்சு தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் தட்டியது மற்றவர் கணினியில் வாசிக்கக் கிடைக்கவில்லை.

விண்டோஸ் எக்ஸ்பியில் 'மங்கள்' என்ற தேவநாகரி எழுத்துரு உடன் வந்தது. ஆனால் இந்திய எழுத்துகளைக் கோத்து வரையும் பகுதியை நாமாகப் போய் இயக்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் வட்டார, மொழி அமைப்புகளைத் திறந்து, மொழிகள் என்ற தாவலில் சிக்கல் எழுத்து மொழிகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே அது விண்டோஸ் குறுந்தகட்டைக் கேட்கும். தகடு கைவசம் இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார். அலுவலகக் கணினியிலும் இணைய மையத்திலும் எழுத வந்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுந்தார்கள். தகடு இருந்தால் நிறுவி, கணினியை மறுபடி இயக்கி, அதே இடத்தில் இந்தி விசைப்பலகையைச் சேர்த்து, ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தி மொழி மாற்றலாம்.

அந்தக் குறியிடாத கணினியிலும் எழுத்து தெரியும், ஆனால் உடைந்து தெரியும். எழுத்தின் இடப்பக்கம் வரவேண்டிய இகரக் குறி வலப்பக்கம் போய் நிற்கும். கூட்டெழுத்துகள் சேராமல், ஒவ்வொன்றின் அடியிலும், நம் மெய்ப்புள்ளி போன்ற ஹலந்த் என்ற கோடு தொங்கும். பல வாசகர்கள் இதைப் பார்த்து எழுதியவருக்கு இந்தி தெரியாது என்று நினைத்துக்கொண்டார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் எழுதுவது தப்பும் தவறுமாக வருகிறது என்ற புகாரும் இதிலிருந்தே கிளம்பியது. கோளாறு வாசகரின் கணினியில் இருந்தது, எழுதப்பட்ட உரையில் இல்லை. இதைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப விளக்கியதே ரவியும் அவருடைய தோழர்களும் அந்த ஆண்டுகளில் செய்த பெரிய தொண்டு.

கிருதிதேவ் என்றால் என்ன? ஏன் எல்லாரும் அதைக் குறை சொல்கிறார்கள்?

இந்தி அச்சகங்கள், நாளிதழ்கள், நீதிமன்ற வாசல் தட்டச்சர்கள் என்று எல்லாரும் பழகிய எழுத்துரு கிருதிதேவ் 010. பழைய ரெமிங்டன் தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசையைத் தழுவியது. அச்சுக்கு அது நல்ல எழுத்துரு. இணையத்தில்தான் சிக்கல். அதில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். அவற்றின் மேல் தேவநாகரி வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கிலக் குப்பையாகவே தெரியும்.

'ஹிந்தி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருதிதேவில் அதற்குச் சின்ன எஃப், சின்ன ஜி, பெரிய யூ, சின்ன என், சின்ன ஹெச் என்று ஐந்து விசைகள். எஃப் இகரக் குறி, ஜி ஹகரம், பெரிய யூ அரை நகரம், என் தகரம், ஹெச் ஈகாரக் குறி. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அப்படியே தட்டுவது. தமிழின் பழைய எழுத்துருக்களில் 'கெ' எழுதக் கொம்பை முதலில் தட்டிப் பிறகு ககரத்தைத் தட்டினோமே, அதே முறை.

யூனிகோடில் ஒலிக்கும் வரிசைதான் சேமிக்கப்படும். ஹகரம், இகரக் குறி, நகரம், ஹலந்த், தகரம், ஈகாரக் குறி என்று ஆறு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 18 பைட். கிருதிதேவில் 5 பைட்டில் முடிந்த சொல் இது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த நாளில் இதைச் சொல்லியே சிலர் யூனிகோடை வேண்டாம் என்றார்கள். ஆனால் அந்த 5 பைட்டைத் தேடுபொறியால் சொல்லாகப் படிக்க முடியாது. ரவி போன்றவர்கள் யூனிகோடை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இது. தேடினால் கிடைக்காத எழுத்து, பூட்டிய அலமாரியில் வைத்த புத்தகத்துக்குச் சமம்.

பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது எங்கே உடைகிறது?

மாற்றுநிரல் விசைக்கு விசை பெயர்த்துவிட்டுப் போனால் போதாது, இடமும் மாற்ற வேண்டும். 'மூர்த்தி' என்ற சொல்லை இந்தியில் 'மூர்தி' என்று எழுதுவார்கள். கிருதிதேவில் அதன் பின்பாதி இகரக் குறி, தகரம், எழுத்தின் தலைமேல் கொக்கியாக ஏறும் ரகரம் என்ற வரிசையில் தட்டப்படும். யூனிகோடில் ரகரம், ஹலந்த், தகரம், இகரக் குறி என்று அப்படியே தலைகீழ். இகரத்தை வலப்புறமும் ரகரக் கொக்கியை இடப்புறமும் நகர்த்தும் விதிகள் மாற்றுநிரலில் இல்லாவிட்டால் சொல் சிதறும்.

'ஸ்திதி' இன்னும் கடினம். முதல் இகரக் குறி அரை ஸகரத்தையும் தாண்டி, அடுத்த தகர வகை எழுத்தையும் தாண்டிப் போய் உட்கார வேண்டும். அரை எழுத்தை எழுத்தாக எண்ணாத நிரல் குறியை நடுவிலேயே இறக்கிவிடும். அதே சொல்லில் இன்னொரு பொறியும் உண்டு. அங்கே வரும் முழு எழுத்து, அரை வடிவம் ஒன்றும் செங்குத்துக் கோடு ஒன்றுமாக இரண்டு விசைகளில் ஆனது. கோட்டை மட்டும் தனியே பார்த்தால் அது ஆகாரக் குறி. அதனால் நீளமான விசைக்கோவைகளை முதலில் மாற்றி, ஒற்றை விசைகளைக் கடைசியில் மாற்ற வேண்டும். வரிசை பிசகினால் உரை முழுக்கத் தேவையற்ற ஹலந்தும் ஆகாரமும் மண்டிவிடும்.

என்னிடம் கிருதிதேவில் அடித்த கையெழுத்துப்படி இருக்கிறது. எந்த ஒழுங்கில் மாற்றுவது?

முதலில் மூலக் கோப்பை வேறு பெயரில் படியெடுத்து வையுங்கள். மாற்றியபின் பிழை தெரிந்தால் ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம்.

அடுத்து, ஆங்கிலத்தில் உள்ள சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள், சூத்திரங்கள் ஆகியவற்றைப் பிரித்தெடுங்கள். மாற்றுநிரலுக்கு ஆங்கிலமும் கிருதிதேவும் ஒரே குறியீடுகள். ஆகவே ஆங்கிலச் சொல்லும் பொருளற்ற தேவநாகரியாகிவிடும். எழுத்துருப் பெயரைப் பார்த்துப் பிரிக்கும் நிரல் இருந்தால் நல்லது. இல்லையேல் அந்த இடங்களில் எண் போட்டு அடையாளம் வைத்து, பின்னால் திரும்பச் செருகலாம்.

பிறகு வேர்ட் நிரலின் தானியங்கித் திருத்தங்கள் செய்து வைத்த சேதத்தைத் தேடுங்கள். பெரும்பாலோர் இதைத்தான் கவனிப்பதில்லை. கிருதிதேவில் நேர் ஒற்றை மேற்கோள் குறி அரை ஶகரம். வேர்ட் அதை வளைந்த மேற்கோளாக்கிவிட்டால், மாற்றும்போது ஶகரம் மறைந்து மேற்கோள் குறி மட்டும் மிஞ்சும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் அப்படியே. இகரக் குறியான சின்ன எஃப், பெரிய எஃப் ஆனால் வேறொரு அரை எழுத்தாகிவிடும். ஆகவே பத்தித் தொடக்கங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். புதிதாகத் தட்டுபவர்கள் இவ்விரண்டையும் முதலிலேயே அணைத்துவிடுவது நல்லது.

இப்போது மாற்றுங்கள். ஒரே மூச்சில் முழு நூலையும் போடாமல் ஓர் அத்தியாயத்தை மாற்றிப் பாருங்கள். சரிபார்க்க வேண்டியவை: ரகரக் கொக்கி உள்ள சொற்கள், கூட்டெழுத்துக்கு முன் இகரம் வரும் சொற்கள், வாக்கிய முடிவின் செங்குத்துக் கோடு, அடைப்புக்குறிகள், இடைக்கோடு. கிருதிதேவில் பெரிய ஏ என்ற விசைதான் வாக்கிய முடிவுக்கோடு, 'அண்ட்' குறிதான் இடைக்கோடு. நிரலில் இவை விடுபட்டிருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மெய்ப்பு பார்க்க இந்தி நன்கு தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். எழுத்துப்பிழை திருத்தும் நிரல் பல சொற்களைப் பிடித்தாலும், பொருளுள்ள வேறு சொல்லாக மாறிப்போனதை அதனால் பிடிக்க முடியாது.

சரியாக யூனிகோடில் எழுதிய பக்கமும் தேடலில் ஏன் சில சமயம் கிடைப்பதில்லை?

ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதும் வழக்கம் இந்தியில் உண்டு. 'ஹிந்தி'யை அரை நகரம் போட்டும் எழுதலாம், எழுத்தின் மேல் அனுஸ்வாரப் புள்ளி வைத்தும் எழுதலாம். முதலாவது 6 குறியீடு, இரண்டாவது 5. ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். இன்றைய பெரிய தேடுபொறிகள் இரண்டையும் இணைத்துப் பார்க்கும். உங்கள் கணினியில் உள்ள கோப்புக்குள் தேடும் சாதாரண வசதி பார்க்காது. ஓர் இதழ் நடத்துபவர் எந்த வடிவம் என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லாப் பக்கத்திலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

நுக்தா என்ற அடிப்புள்ளி இன்னும் நுட்பமானது. ஃபகரம், ஸகரத்தின் அதிர்வொலி, நா மடித்து ஒலிக்கும் டகரம் போன்றவற்றுக்கு ஒற்றைக் குறியீடும் உண்டு, எழுத்தும் புள்ளியுமாக இரண்டு குறியீடும் உண்டு. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. யூனிகோடின் சீராக்க விதிப்படி இவை எப்போதும் இரண்டு குறியீடாகவே பிரிக்கப்படும். ஆகவே உரையைச் சேமிக்குமுன் ஒருமுறை சீராக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

ரச்னாகார் எப்படிப்பட்ட இதழ்?

படைப்பாளி என்று பொருள்படும் ரச்னாகார், கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளத்தில் நடந்த இதழ். கதை, கவிதை, அங்கதம், நாடகம், பயணக் கட்டுரை, சிறுவர் இலக்கியம் என்று எல்லாம் வந்தன. யூனிகோட் தெரியாத மூத்த எழுத்தாளர்கள் பழைய எழுத்துருவில் அனுப்பியவற்றையும் மாற்றி வெளியிட்டார். மேலே சொன்ன மாற்று வேலை அவருக்கு அன்றாட இதழாசிரியப் பணியாகவே இருந்தது. சிறுநகரத்தில் இருந்துகொண்டு, அச்சிதழ்களின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது திறந்த வாசல்.

தேர்வில் அவர் தாராளமானவர். எல்லாப் படைப்பும் ஒரே தரமல்ல. இது குறையென்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் கணிப்பில், இணையத்தில் இந்தி உரையே அருகிக் கிடந்த காலத்தில் தாராளமாக இருந்ததுதான் சரி. சலித்தெடுக்க முதலில் குவியல் வேண்டும்.

இன்றும் பின்பற்றத்தக்க ஒரு பழக்கம் அங்கே உண்டு. பதிவின் தலைப்பிலேயே எழுதியவர் பெயர், அது கதையா கவிதையா என்ற வகை, பிறகு படைப்பின் தலைப்பு என்று வைப்பார்கள். கவித்துவமாக ஒற்றைச் சொல்லில் தலைப்பு வைத்த பதிவைப் பத்தாண்டு கழித்து யாராலும் தேடி எடுக்க முடிவதில்லை.

'வ்யஞ்ஜல்' என்று ஒன்று எழுதினாராமே, அது என்ன?

அங்கதத்துக்கு இந்தியில் 'வ்யங்க்ய'. அதோடு கஜலைச் சேர்த்து அவர் உண்டாக்கிய சொல் வ்யஞ்ஜல். பெரும்பாலும் ஒரு நாளிதழ்ச் செய்தியை எடுத்துக்கொள்வார். சாலைப் பள்ளம், லஞ்சம், மின்வெட்டு, தேர்தல் வாக்குறுதி என்று ஏதாவது ஒன்று. அதைப் பற்றிச் சில வரிகள் எழுதி, அடியில் ஒரு வ்யஞ்ஜலை வைப்பார்.

கஜலின் உறுப்புகள் தெரிந்தால் இதன் சுவை புரியும். இரண்டடி கொண்டது ஒரு ஷேர். ஒவ்வொரு ஷேரும் தனியே பொருள் முடியும். இரண்டாம் அடியின் ஈற்றில் மாறாமல் திரும்ப வரும் சொல் ரதீஃப். அதற்குச் சற்று முன் எதுகைபோல் ஒலி ஒத்து வருவது காஃபியா. முதல் ஷேரில் மட்டும் இரண்டு அடிகளுமே அப்படி முடியும், அதற்கு மத்லா என்று பெயர். கவிஞர் தம் பெயரைப் பதிக்கும் கடைசி ஷேர் மக்தா.

காதலுக்கும் பிரிவுக்கும் பழகிய இந்தச் சட்டகத்துக்குள் குடிநீர்க் குழாயையும் கோப்பு நகராத அலுவலகத்தையும் வைப்பதுதான் வித்தை. ரதீஃப் திரும்பத் திரும்ப வரும்போது காதலில் ஏக்கம் கூடும், இங்கே எரிச்சல் கூடும். யாப்பில் கறாரான உருது ஆசான்கள் இவற்றில் அளவு தவறுவதைக் காட்டக்கூடும். அவர் அதைப் பொருட்படுத்தியவர் அல்லர். அன்றைய செய்தியின் சூடு ஆறுமுன் எழுதி முடிப்பதே அவர் நோக்கம். கஜல் என்று பெயரிடாமல் தனிப்பெயர் வைத்ததும் நேர்மையான செயல்.

லினக்ஸை இந்தியாக்கியது என்றால் சரியாக என்ன வேலை?

நிரலில் திரையில் தோன்றும் ஒவ்வொரு வாசகமும் ஓர் உரைக்கோப்பில் இருக்கும். ஒரு வரியில் ஆங்கில மூலம், அடுத்த வரியில் மொழிபெயர்ப்பு. இப்படி ஆயிரக்கணக்கான இணைகள். இண்ட்லினக்ஸ் என்ற தன்னார்வக் குழுவோடு சேர்ந்து, லினக்ஸின் திரையமைப்புகளான க்னோம், கேடிஇ ஆகிய மேசைச் சூழல்களின் வாசகங்களை அவர் இந்தியில் பெயர்த்தார்.

சொல் தேர்வுதான் முதல் போராட்டம். ஃபைலுக்கு 'சஞ்சிகா', கம்ப்யூட்டருக்கு 'சங்கணக்', மவுஸுக்கு 'மூஷக்' என்று சமஸ்கிருதச் சொற்கள் இருக்கின்றன. ரத்லாம் கடைத்தெருவில் எவரும் மூஷக்கைப் பிடித்து நகர்த்துவதில்லை. ஆகவே ஃபைல், கம்ப்யூட்டர், மவுஸ் அப்படியே நின்றன. வினைச்சொற்களில் இந்திக்கே உரியவை வந்தன: சேமிக்க 'ஸஹேஜே(ன்)', ஒட்ட 'சிப்காயே(ன்)', அழிக்க 'மிட்டாயே(ன்)'. ஸஹேஜ்னா என்பது பாட்டி நகையைப் பத்திரமாக எடுத்து வைப்பதுபோன்ற வீட்டுச்சொல். அது கணினியில் நிலைத்துவிட்டது. பெயர்ச்சொல்லைப் புழக்கத்திலிருந்தும் வினையைத் தாய்மொழியின் ஆழத்திலிருந்தும் எடுப்பது என்ற இந்த வழி எந்த மொழிக்கும் நல்ல பாடம்.

இரண்டாவது, பால் வேறுபாடு. இந்தியில் ஃபைல் பெண்பால், ஃபோல்டர் ஆண்பால். 'இன்னது அழிக்கப்பட்டது' என்ற வாசகத்தில் 'இன்னது' என்ற இடத்தை நிரல் ஓடும்போதுதான் நிரப்பும். ஃபைலானால் 'மிட்டாயீ கயீ', ஃபோல்டரானால் 'மிட்டாயா கயா'. மொழிபெயர்ப்பவருக்கு எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. தீர்வு, பெயருக்குப் பின் 'கோ' என்ற வேற்றுமை உருபைச் சேர்ப்பது. 'கோ' வந்துவிட்டால் வினை பெயரின் பாலைப் பின்பற்றாது, ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும். எல்லாவற்றையும் 'பட்டது' என்று முடித்துவிடும் நமக்கு இந்தத் தலைவலி இல்லை.

மூன்றாவது, சொல் வரிசை. '10-இல் 3' என்று தமிழில் சொல்வதுபோலவே இந்தியிலும் 10 முதலில் வரும், ஆங்கிலத்தில் 3 முதலில். நிரப்பிடங்களை வெறுமனே இடம் மாற்றி வைத்தால் எண்கள் தப்பாக விழும். ஒன்று எண்ணும் மற்றது பெயருமாக இருந்தால் நிரலே முறிந்து நிற்கும். ஒவ்வொரு நிரப்பிடத்துக்கும் வரிசை எண் கொடுத்தபின்தான் மாற்ற வேண்டும்.

நான்காவது சிறியது, ஆனால் எல்லாரும் தவறுவது. ஆங்கிலப் பட்டியலில் ஓர் எழுத்துக்கு அடிக்கோடிட்டிருக்கும், ஆல்ட்டோடு அதைத் தட்டினால் கட்டளை இயங்கும். இந்தி எழுத்துக்கு அடிக்கோடிட்டால், விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கும்போது அது வேலை செய்யாது. அதனால் இந்திச் சொல்லை எழுதி, அதையடுத்து அடைப்புக்குள் ஆங்கில எழுத்தை வைத்து அதற்கு அடிக்கோடிடுவார்கள்.

கடைசியாக, ஐயமுள்ளது என்று குறி விழுந்த இணைகளைச் சும்மா விடக்கூடாது. தொகுக்கும்போது அவை கைவிடப்பட்டு, திரையில் ஆங்கிலமே வரும். 'முழுக்க முடித்தேன், ஆனால் பாதி ஆங்கிலமாக இருக்கிறதே' என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறியைத்தான்.

இந்தி முடிந்தபின் சத்தீஸ்கரி எதற்கு?

சத்தீஸ்கர் 2000 நவம்பர் 1 அன்று மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்து தனி மாநிலமானது. 2011 கணக்கெடுப்பில் சத்தீஸ்கரி தம் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 1 கோடியே 62 லட்சம் பேர். ஆனால் கணக்கெடுப்பு அவர்களை இந்தியின் கீழேயே தொகுக்கிறது. 'அது வெறும் வட்டார வழக்குதானே, இந்தி போதாதா' என்ற கேள்விக்கு ரவி விவாதம் செய்யவில்லை. கேடிஇ சூழலைச் சத்தீஸ்கரியில் இயங்க வைத்துக் காட்டினார். அந்தப் பணி மந்தன் விருதும் பெற்றது.

ஒரு மொழி கணினியில் நுழைய அதற்குச் சர்வதேச மொழிக்குறியீடு வேண்டும். சத்தீஸ்கரிக்கு அது ஹெச், என், இ என்ற மூன்றெழுத்து. எழுத்து தேவநாகரிதான், ஆகவே எழுத்துருவும் விசைப்பலகையும் இந்திக்கு உள்ளவையே போதும். இலக்கணம் வேறு. பன்மைக்கு இந்திபோல் சொல்லின் ஈறு மாறாமல், பின்னால் 'மன்' சேரும். இந்தியின் 'கோ' இருக்கும் இடத்தில் 'லா' வரும். 'திறவுங்கள்' என்பதற்கு 'கோலவ்' என்பார்கள். இந்தி வாசகத்தைப் படியெடுத்து நாலு சொல்லை மாற்றினால் சத்தீஸ்கரி ஆகிவிடாது. பள்ளியிலும் அலுவலகத்திலும் இந்தி, வீட்டில் சத்தீஸ்கரி என்று வாழும் ஒருவர், கணினி தன் வீட்டு மொழியில் 'கோலவ்' என்று சொல்வதைப் பார்ப்பது சின்ன விஷயம் அல்ல.

இந்தி தட்டச்சு கற்க எந்த விசைப்பலகை நல்லது?

ஏற்கெனவே ரெமிங்டன் பழகியவர் அதே வரிசையில் யூனிகோட் தரும் நிரலைப் பயன்படுத்தலாம். புதியவருக்கு இன்ஸ்கிரிப்ட் நல்லது. உயிரும் உயிர்க்குறிகளும் இடக்கைப் பக்கம், மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். 'ஹிந்தி' என்று தட்ட யூ, எஃப், வி, டி, ஓ, ஆர் என்ற ஆறு விசை. ஒலிக்கும் வரிசையும் தட்டும் வரிசையும் ஒன்றே, டி என்பது ஹலந்த். இந்திய மொழிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது பொது அமைப்பு. தமிழ் இன்ஸ்கிரிப்டிலும் ககரம் அதே கே விசையில்தான் இருக்கிறது, டி விசை புள்ளி. ஆங்கில ஒலிப்படி தட்டும் முறை ஒரு நாளில் பழகிவிடும். ஆனால் தகர, டகர வேறுபாட்டிலும் மூச்சொலிகளிலும் பிழை மலியும், நீண்ட உரைக்கு அது தோதுப்படாது.

தேவநாகரியில் தமிழ்ச் சொற்களைச் சரியாக எழுத வழி இருக்கிறதா?

இருக்கிறது, இந்தி எழுத்தாளர்களிலேயே பலர் கவனிக்காதது. யூனிகோடின் தேவநாகரித் தொகுதி 0900 முதல் 128 இடங்கள் கொண்டது. அதில் 0934 என்ற இடம் நம் ழகரத்துக்கு, 0931 றகரத்துக்கு, 0929 னகரத்துக்கு. குறில் எகரமும் ஒகரமும் 090E, 0912 என்ற இடங்களில் உள்ளன. தமிழ் நூலை இந்தியாக்குபவர்கள் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் இவற்றால் பிழையின்றி எழுதலாம். வாசகருக்கு இவ்வெழுத்துகள் பழக்கமில்லாதவை என்பதால், முதலில் வரும் இடத்தில் ஒலிப்புக் குறிப்பு ஒன்று தருவது நல்லது.

ரவியை வாசிக்க எங்கே தொடங்கலாம்?

எட்டாம் வகுப்பு அளவு இந்தி போதும். வ்யஞ்ஜல் உள்ள பழைய பதிவொன்றை எடுத்து, முதலில் மேலே உள்ள செய்தியை வாசியுங்கள். சூழல் தெரிந்துவிட்டால் கீழே உள்ள அடிகள் தாமாகப் புரியும். தொழில்நுட்பப் பதிவுகளில் மென்பொருள் பெயர்கள் காலாவதியாகியிருக்கும். பதிப்பு எண்களைத் தாண்டிவிட்டு, ஒரு கோளாறை அவர் எளிய இந்தியில் எப்படி விளக்குகிறார் என்பதைக் கவனியுங்கள். இந்தி கற்பவர்களுக்கு அந்த வாக்கியங்கள் பாடப்புத்தகத்தைவிடப் பயன்தரும். பிறகு ரச்னாகாரில் சிறுகதை வகைக்குள் போய், பெயர் தெரியாத ஓர் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்துப் படியுங்கள்.